பழைய ராட்டினத்துக்குப் பெயின்ட் அடித்தால் செலவு, புதிது வாங்கினால் சொத்து: சிக்ஸ் ஃப்ளாக்ஸ் சறுக்கிய கதை

அமெரிக்காவின் சிக்ஸ் ஃப்ளாக்ஸ் பொழுதுபோக்குப் பூங்காக்களுக்குப் போய்வந்தவர்களின் புலம்பல் எந்த மாநிலமானாலும் ஏறக்குறைய ஒன்றுதான். தூண்களில் பெயின்ட் உரிந்து கிடக்கிறது, மதியத்துக்குள் கழிப்பறையில் கால் வைக்க முடியவில்லை, சாப்பாட்டுக் கடைகளில் பாதிக்கு ஷட்டர் இறங்கியிருக்கிறது, மூன்று ரயில் ஓட வேண்டிய ரோலர் கோஸ்டரில் ஒன்றுதான் ஓடுகிறது. உடனே அப்போதைய தலைமை அதிகாரியைத் திட்டுவார்கள். அவர் போவார், அடுத்தவர் வருவார், எல்லாவற்றையும் சுத்தம் செய்கிறேன் என்பார், சில வருடம் கழித்து அவருக்கும் அதே திட்டு விழும். 2005-க்குப் பிறகு மட்டும் அரை டஜனுக்கும் மேற்பட்டவர்கள் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள். இத்தனை பேரும் சோம்பேறிகளாகவோ விவரமில்லாதவர்களாகவோ இருந்திருக்க வாய்ப்பில்லை.

அப்படியானால் எங்கே உதைக்கிறது? ஆட்களைவிடக் கணக்கு எழுதும் முறையையும், அந்தக் கணக்கைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கும் கடனையும்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

பூங்கா ஒன்று 2 கோடி டாலர் கொடுத்துப் புதிய கோஸ்டர் ஒன்றை வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். கணக்கில் அது சொத்து. அந்தப் பணம் அந்த வருட லாபத்திலிருந்து ஒரேயடியாகக் கழியாது, தேய்மானம் என்ற பெயரில் பல வருடங்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். அதே பூங்கா இருக்கிற பழைய கோஸ்டருக்குச் சக்கரம் மாற்றி, பெயின்ட் அடித்து, கூடுதலாக நான்கு மெக்கானிக்குகளை வேலைக்கு வைத்தால், பெரும்பாலும் அந்தச் செலவு முழுக்க அந்த வருட லாபத்தில்தான் கைவைக்கும். இந்தத் துறையில் முதலீட்டாளர்கள் உயிராகப் பார்க்கும் எண் எபிட்டா, அதாவது வட்டி, வரி, தேய்மானம் இவற்றைக் கழிப்பதற்கு முந்தைய லாபம். இந்த எண்ணில் புதிய கோஸ்டரின் விலை ஒருநாளும் தெரியாது, பெயின்ட் அடிப்பவரின் கூலி மட்டும் பளிச்சென்று தெரியும்.

இது ஏதோ கணக்கு வாத்தியாரின் நுணுக்கம் இல்லை. சிக்ஸ் ஃப்ளாக்ஸில் மேல்மட்ட அதிகாரிகளின் போனஸே இந்த எண்ணில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. ஜிம் ரீட்-ஆண்டர்சன் தலைமை வகித்த பத்தாண்டில் ‘ப்ராஜெக்ட் 500’ என்று ஒரு இலக்கு வைத்தார்கள், வருடத்துக்கு 50 கோடி டாலர் எபிட்டா எட்டினால் பங்குகளாகப் பரிசு. பிறகு அது 60 கோடி ஆனது, அப்புறம் 75 கோடி. கூடவே ஒரு கொள்கையும் வைத்திருந்தார்கள்: வருமானத்தில் சுமார் 9 சதவீதம் புதிய முதலீட்டுக்கு, ஒவ்வொரு வருடமும் ஒவ்வொரு பூங்காவிலும் புதிதாக ஏதாவது ஒன்று. விளம்பரத்துக்கு அது நல்ல சரக்கு. ஆனால் புதிதாக ஒரு ரைடு வந்தால் அதைப் பார்த்துக்கொள்ளவும் மெக்கானிக் வேண்டும், உதிரிபாகம் வேண்டும், கதவருகே நிற்க ஆள் வேண்டும். வேலை வருடா வருடம் கூடும், வேலை செய்யும் கைகளைக் கூட்டினால் மேலே இருப்பவருக்குப் போனஸ் குறையும். முடிவு எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல வேண்டியதில்லை.

கடன் கதை இதைவிடப் பழையது. ஆங்கஸ் வின் என்பவர் 1961-இல் டெக்சாஸின் ஆர்லிங்டனில் முதல் சிக்ஸ் ஃப்ளாக்ஸைத் திறந்தார். அடுத்த இருபது வருடங்களில் நிறுவனம் தானே இரண்டு பூங்காக்களைக் கட்டியது, ஆஸ்ட்ரோவேர்ல்ட், கிரேட் அட்வென்ச்சர், மேஜிக் மவுண்டன் போன்றவற்றை விலைக்கு வாங்கியது, உரிமையாளர்களும் பலமுறை மாறினார்கள். பெரிய திருப்பம் 1998. ஓக்லஹோமாவிலிருந்து கிளம்பிய பிரீமியர் பார்க்ஸ் என்ற நிறுவனம், டைம் வார்னரிடமிருந்து சிக்ஸ் ஃப்ளாக்ஸை 186 கோடி டாலருக்கு வாங்கியது. சின்ன மீன் பெரிய மீனை விழுங்கிய கதை, விழுங்கியதில் கடனுக்கும் பெரிய பங்கு. வாங்கியவர்கள் ஏற்கெனவே கைவசம் இருந்த சிறு ஊர்ப் பூங்காக்கள் பலவற்றுக்கும் சிக்ஸ் ஃப்ளாக்ஸ் பெயர்ப்பலகையை மாட்டி, அவசர அவசரமாகக் கோஸ்டர்களை இறக்கினார்கள். ஒஹாயோவின் ஜியாகா லேக் இதற்குச் சரியான உதாரணம். கோஸ்டர்களைக் குவித்தார்கள், பக்கத்திலிருந்த சீவேர்ல்டையும் 2001-இல் வாங்கிச் சேர்த்தார்கள், 2004-இல் எல்லாவற்றையும் மொத்தமாகப் போட்டி நிறுவனமான சீடர் ஃபேருக்கு 14.5 கோடி டாலருக்குத் தள்ளிவிட்டார்கள். சீடர் ஃபேரும் 2007 சீசனோடு அங்கே ரைடுகளை நிறுத்திவிட்டது.

2005-இல் ஹூஸ்டனின் ஆஸ்ட்ரோவேர்ல்டை மூடி நிலத்தை விற்றார்கள். நிர்வாகம் போட்ட கணக்கைவிட மிகக் குறைவாக, 7.7 கோடி டாலருக்குத்தான் போனது. (அந்த இடத்தின் ஒரு பகுதியில் இப்போது கார் நிறுத்துகிறார்கள்.) அதே வருடம் அமெரிக்கக் கால்பந்து அணி ஒன்றின் முதலாளியான டேனியல் ஸ்னைடர் பங்குதாரர்களைத் திரட்டிப் பழைய நிர்வாகத்தை வெளியேற்றி, விளையாட்டு டிவி நிறுவனமான ஈஎஸ்பிஎன்னிலிருந்து மார்க் ஷாப்பிரோவைக் கொண்டுவந்தார். அவருடைய மந்திரம்: சுத்தமான பூங்கா, குடும்பங்கள், வாலிபக் கூட்டத்தின் அட்டகாசத்துக்கு முடிவு. நல்ல மந்திரம்தான். 2007-இல் ஏழு பூங்காக்களை 31.2 கோடி டாலருக்கு விற்றும் பார்த்தார்கள். ஆனால் சுமார் 240 கோடி டாலர் கடன் அப்படியே உட்கார்ந்திருந்தது, 2009 ஜூனில் திவால் மனு போட வேண்டிவந்தது. பழைய பங்குதாரர்கள் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை, கடன் கொடுத்தவர்கள் முதலாளிகள் ஆனார்கள். வேடிக்கை என்னவென்றால், விற்ற அந்த ஏழில் நான்கை 2018-இல் இதே நிறுவனம் குத்தகைக்குத் திரும்ப எடுத்துக்கொண்டது.

சரி, கடன் இருந்தால் பெயின்ட் ஏன் உரிய வேண்டும்? இங்கேதான் பருவம் குறுக்கே வருகிறது. வடக்கு மாநிலப் பூங்கா ஒன்று வசந்தத்தின் கடைசியில் திறந்து, கோடை முழுக்க ஓடி, அக்டோபர் ஹாலோவீன் கூட்டத்தோடு ஏறக்குறைய முடித்துக்கொள்ளும். பணம் அந்தச் சில மாதங்களில்தான் வரும், வட்டி பன்னிரண்டு மாதமும் ஓடும். பராமரிப்பின் கனமான வேலையோ முழுக்கக் குளிர்காலத்தில். ரயில் பெட்டிகளைத் தடத்திலிருந்து இறக்கி, போல்ட் போல்ட்டாகப் பிரித்து, அச்சுகளையும் வெல்டிங் இணைப்புகளையும் காந்தத் துகள் பரிசோதனையிலும் சாயப் பரிசோதனையிலும் போட்டு, கண்ணுக்குத் தெரியாத விரிசலைத் தேட வேண்டும். தேய்ந்த சக்கரங்கள், பிரேக் தகடுகள், தூக்குச் சங்கிலி, பிடிமானக் கம்பிகளின் சிலிண்டர்கள் எல்லாவற்றையும் பார்த்துத் திரும்பப் பூட்ட வேண்டும். பெயின்ட் வேலையையும் கூட்டம் இல்லாத நாள்களில்தான் செய்ய முடியும், வடக்கின் குளிரில் அதற்குக் கிடைப்பது இரு முனைகளிலும் சில வாரங்கள்தான். ஆக, பராமரிப்புக்கு அதிகம் பணம் தேவைப்படும் மாதங்களும் கல்லா காலியாக இருக்கும் மாதங்களும் ஒன்றேதான். கோடையில் மழையோ அனல் காற்றோ வந்து கூட்டம் குறைந்தால், அந்த இழப்பை யார் தலையில் கட்டுவார்கள் என்று நினைக்கிறீர்கள்? வரும் ஜனவரியின் மெக்கானிக் பட்ஜெட் தலையில்தான்.

சீரழிவுக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் போவது யாரும் சாகாத விஷயங்கள்: பெயின்ட், பூச்செடி, நீரூற்று, விளக்குகள், பின்னணி இசை, துப்புரவு ஆள்கள். அடுத்து வேலை நேரம். பூங்கா ஒரு மணி நேரம் தாமதமாகத் திறக்கும், ஒரு மணி நேரம் முன்னதாக மூடும், சில ரைடுகள் மதியத்துக்கு மேல்தான் ஓடும். அதற்குப் பிறகு உதிரிபாகங்கள். ஐரோப்பாவில் செய்த கோஸ்டருக்கு ஒரு பாகம் வர மாதக்கணக்கு ஆகலாம், அலமாரியில் வாங்கி அடுக்கி வைத்தால் பணம் முடங்கும், வைக்காவிட்டால் ரைடு முடங்கும். பல இடங்களில் இரண்டாவது ரயிலைப் பிரித்து முதல் ரயிலுக்குப் பாகம் எடுப்பார்கள். விளைவைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். 28 பேர் உட்காரும் ரயில்கள் மூன்று ஓடி, 70 விநாடிக்கு ஒன்று புறப்பட்டால் மணிக்கு 1,440 பேர் சவாரி செய்யலாம். ஒரே ரயில், ஏறி இறங்கிச் சுற்றிவர மூன்று நிமிடம் என்றால் 560 பேர். டிக்கெட் விலை மாறவில்லை, கிடைத்த சவாரிகள் பாதிக்கும் கீழே போய்விட்டன. வரிசையில் நின்று எரிச்சலானவர் அடுத்த வருடம் சீசன் பாஸைப் புதுப்பிக்க மாட்டார், ஆனால் அந்த இழப்பு எந்தக் கணக்கிலும் ‘மெக்கானிக்கைக் குறைத்ததால் வந்தது’ என்று எழுதப்படாது. மிச்சம் பிடித்தது இந்தக் காலாண்டிலேயே தெரியும், நஷ்டம் இரண்டு வருடம் கழித்து வேறு பெயரில் வரும்.

பாதுகாப்பு இந்த வரிசையின் கடைசியில் நிற்கிறது, அதைக் குறைத்துச் சொல்லவும் கூடாது, மிகைப்படுத்தவும் கூடாது. பெரும்பாலும் நடப்பது விபத்து இல்லை, மூடல். காலைச் சோதனையில் ஏதாவது தேறாவிட்டால் ரைடு திறக்காது, அவ்வளவுதான். இன்றைய கோஸ்டர்களில் தடத்தைப் பகுதிகளாகப் பிரித்து, ஒரு பகுதியில் ஒரு ரயில் மட்டும் இருக்கும்படி கணினி பார்த்துக்கொள்ளும். சந்தேகம் வந்தால் எல்லாம் நின்றுவிடும். ஆனால் இரும்பும் மரமும் தேய்வதைக் கணினி பார்க்காது. நியூ ஜெர்சியின் கிரேட் அட்வென்ச்சரில் இருக்கும் எல் டோரோ என்ற மரக் கோஸ்டரில் 2021 ஜூனில் சக்கரங்கள் தடத்திலிருந்து விலகின. சரிசெய்து ஓட்டினார்கள். 2022 ஆகஸ்டில் ரயில் ஓரிடத்தில் குழியில் விழுந்ததுபோல் குலுங்கி 14 பேர் காயமடைந்தார்கள். கட்டமைப்பிலேயே சேதம் இருக்கிறது என்று மாநில அதிகாரிகள் மூடிவைத்து, 2023 ஜூனில்தான் அது திரும்பத் திறந்தது. கென்டக்கியில் 2007-இல் கோபுர ரைடு ஒன்றின் கம்பிவடம் அறுந்து 13 வயதுச் சிறுமியின் பாதங்கள் துண்டாயின. அதுவும் அப்போது சிக்ஸ் ஃப்ளாக்ஸ் பூங்காதான்.

இதெல்லாம் சிக்ஸ் ஃப்ளாக்ஸில்தான், ஒழுங்காக நடத்தும் சீடர் ஃபேரில் இல்லை என்று ரசிகர்கள் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2023 ஜூன் 30 அன்று சீடர் ஃபேரின் கேரோவிண்ட்ஸ் பூங்காவில், ஃபியூரி 325 கோஸ்டரின் தூண் ஒன்று முழுக்க விரிசல்விட்டு, ரயில் கடக்கும்போது அசைவதைப் படம் பிடித்துக் காட்டியவர் ஒரு பார்வையாளர். அதற்குச் சில நாள்களுக்கு முன் எடுத்த படங்களிலும் விரிசல் தெரிந்தது. அந்த நாள்களிலும் காலைச் சோதனைப் பட்டியலில் யாரோ கையெழுத்துப் போட்டுக்கொண்டுதான் இருந்திருப்பார்கள். தூணை மாற்றி ஆகஸ்டில் திறந்தார்கள், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

மேலிருந்து கண்காணிக்க யாரும் இல்லையா என்றால், மத்திய அரசு அளவில் உண்மையிலேயே இல்லை. 1981-இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரே இடத்தில் நிலையாக நிற்கும் பூங்காக்களின் ரைடுகளை நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் அதிகாரத்திலிருந்து எடுத்துவிட்டது. ஊர் ஊராகப் போகும் திருவிழா ராட்டினங்கள் மட்டும் அதன் கீழ் இருக்கின்றன. மற்றது மாநிலத்துக்கு மாநிலம் வேறு. நியூ ஜெர்சி கண்டிப்பு, சில மாநிலங்களில் காப்பீட்டு நிறுவனத்தின் ஆய்வாளர்தான் பெரிய அதிகாரி.

2021-இல் சிக்ஸ் ஃப்ளாக்ஸின் தலைமைக்கு வந்த செலீம் பசூல் இந்தச் சீரழிவுக்கு வேறொரு வைத்தியம் பார்த்தார். மலிவான சீசன் பாஸால் பூங்காக்கள் பதின்வயதினரை இறக்கிவிட்டுப் போகும் காப்பகமாகிவிட்டன என்று வெளிப்படையாகவே சொன்னார், தள்ளுபடிகளை வெட்டினார், விலையை ஏற்றினார். கூட்டம் குறைந்தால் வரிசை குறையும், வருபவர் அதிகம் செலவழிப்பார் என்பது திட்டம். அவர் சொன்னதில் பாதி உண்மை, இரண்டு மூன்று தடவை போனாலே கொடுத்த காசு கழிந்துவிடும் அளவுக்கு மலிவாகப் பாஸ் விற்றால் கழிப்பறைகூடத் தாங்காது. ஆனால் விலையை ஏற்றிய வேகத்தில் பூங்கா மாறவில்லை. அதே உரிந்த பெயின்டுக்கு ஏன் கூடுதல் பணம் என்று மக்கள் கேட்டார்கள். 2019-இல் 3.28 கோடியாக இருந்த வருகை 2022-இல் 2.05 கோடியானது. முதலில் சரிசெய்துவிட்டு அப்புறம் விலையை ஏற்ற வேண்டும், கடன்காரருக்கு அந்த வரிசையில் காத்திருக்கப் பொறுமை இருக்காது.

பிறகு 2024 ஜூலை 1 அன்று சீடர் ஃபேரோடு இணைப்பு. 42 பூங்காக்கள், மொத்த மதிப்பு 800 கோடி டாலர் என்றார்கள், பெயர் மட்டும் சிக்ஸ் ஃப்ளாக்ஸ், தலைமை சீடர் ஃபேரின் ரிச்சர்ட் சிம்மர்மேன். முதலீட்டாளர்களிடம் 20 கோடி டாலர் ஆதாயம் காட்டுவோம் என்று வாக்கு கொடுத்தார்கள், அதில் 12 கோடி செலவுக் குறைப்பு. வாக்கைக் காப்பாற்ற 2025-இல் முழுநேர ஊழியர்களில் 10 சதவீதம் பேரைக் குறைத்தார்கள், ஒவ்வொரு பூங்காவுக்கும் தனியாக இருந்த தலைவர் பதவியையே எடுத்தார்கள். இந்தக் கடைசி முடிவுதான் எனக்குப் பெரிய தவறாகப் படுகிறது. பூங்காவுக்குள் தினம் நடந்து, எந்தக் குழாய் ஒழுகுகிறது, எந்த மெக்கானிக் வேலையை விடப்போகிறார், எந்த ரைடு சத்தம் மாறியிருக்கிறது என்று தெரிந்து, அன்றைக்கே காசு ஒதுக்க அதிகாரம் இருக்கும் ஒருவர் அந்தத் தலைவர். அவரை எடுத்துவிட்டு ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் உட்கார்ந்திருக்கும் மண்டல அதிகாரியிடம் அந்த வேலையைக் கொடுத்தால், ஒழுகும் குழாய் ஒரு எக்செல் கட்டமாகிவிடும். கட்டத்தில் எண் சரியாக இருந்தால் குழாய் சரி.

சம்பளச் சேமிப்பு கைக்கு வந்ததா? 2025-இன் இரண்டாம் காலாண்டில் வருகை 9 சதவீதம் சரிந்து 1.42 கோடியாக நின்றது, 10 கோடி டாலர் நஷ்டம். வானிலைமேல் பழி போட்டார்கள், அதில் ஓரளவு உண்மையும் இருந்தது. அடுத்த காலாண்டில் 150 கோடி டாலர் நன்மதிப்பை (வாங்கும்போது சொத்து மதிப்புக்கு மேல் கூடுதலாகக் கொடுத்ததாக எழுதிவைத்த தொகை) கணக்கிலிருந்து எழுதித் தள்ளியதில் நஷ்டம் 120 கோடி. இணைப்பின்போது தாளில் எழுதிய மதிப்பு அங்கே இல்லை என்று அவர்களே ஒப்புக்கொண்டதாகத்தான் இதற்குப் பொருள். கடன் ஏறத்தாழ 500 கோடி டாலர். சிம்மர்மேன் விலக, 2025 டிசம்பரில் ஜான் ரெய்லி வந்தார்.

நியூ ஜெர்சியின் கிங்டா கா என்ற கோஸ்டரைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 139 மீட்டர் உயரம், மணிக்கு 206 கிலோமீட்டர், 2005-இல் திறந்தபோது உலகிலேயே உயரமானது, வேகமானது. ஹைட்ராலிக் மோட்டாரால் வடத்தை இழுத்து ரயிலை வீசும் அமைப்பு, அதைக் கட்டிக் காப்பது யானையைக் கட்டித் தீனி போடுவதுதான், நின்ற நாள்கள் ஏராளம். அதை எடுத்ததில் நியாயம் உண்டு. எடுத்த விதம்தான் விசித்திரம். 2024 நவம்பர் 10 அன்று வழக்கம்போல் ஓடியது, சில நாள் கழித்து இனி ஓடாது என்று அறிவிப்பு வந்தது, 2025 பிப்ரவரி 28 அன்று வெடிவைத்துத் தகர்த்தார்கள். கடைசிச் சவாரிக்கென்றே நாட்டின் மறுகோடியிலிருந்து டிக்கெட் வாங்கி வந்திருக்கக்கூடிய கூட்டத்திடம் அந்தக் காசைக்கூட வாங்கத் தெரியவில்லை. செலவு வெட்டும் கத்தி மட்டும் கையில் இருப்பவர்களுக்கு வருமானம் கண்ணில் படாது போலிருக்கிறது.

நிலம் விற்பதுதான் அடுத்த கட்டம், அது தொடங்கியும்விட்டது. மேரிலாந்தின் சிக்ஸ் ஃப்ளாக்ஸ் அமெரிக்கா 2025 நவம்பர் 2-ஆம் தேதியோடு மூடப்பட்டது, சுமார் 500 ஏக்கர். கலிஃபோர்னியாவின் கிரேட் அமெரிக்கா நிற்கும் நிலத்தை 2022-இலேயே 31 கோடி டாலருக்கு விற்றாயிற்று, குத்தகை முடியும்வரைதான் ஓட்டம். நன்றாகப் போகாத வேறு சில பூங்காக்களையும் விற்கத் தயார் என்று நிறுவனம் சொல்லியிருக்கிறது. ரசிகர்கள் இதைச் சாவுச் செய்தியாக எடுத்துக்கொள்கிறார்கள். எல்லா இடத்திலும் அப்படி ஆக வேண்டியதில்லை.

அந்தக் கோபுர விபத்து நடந்த கென்டக்கி கிங்டமை சிக்ஸ் ஃப்ளாக்ஸ் 2010-இல், திவால் நடவடிக்கையின் நடுவே, கைகழுவிவிட்டுப் போனது. நான்கு வருடம் பூட்டியே கிடந்தது. எட் ஹார்ட் என்பவர் முதலீட்டாளர்களைச் சேர்த்து 2014 மே மாதம் திறந்தார். ஓடாமல் நின்ற பழைய மரக் கோஸ்டர் ஒன்றை இடிக்காமல், அதன் சட்டத்தின் மேலேயே புதிய இரும்புத் தடம் போட்டு 2016-இல் ஸ்டார்ம் சேசர் என்று ஓட்டினார்கள். 2021-இல் பூங்காக்கள் நடத்தும் ஹெர்ஷெண்ட் நிறுவனம் பெரும்பங்கை வாங்கியது. அதே நிலம், பாதிக்கு அதே ரைடுகள், அதே ஊர் வானிலை. பன்னிரண்டு மாதமும் வட்டி கேட்கும் பழைய கடன் மட்டும் அதன் கணக்கில் இல்லை, இப்போதும் ஓடிக்கொண்டிருக்கிறது.